56 கிகாபிட் சுவிட்சில் பாக்கெட் ஏன் தொலைகிறது?

எனக்கு வந்த கேள்வியின் சாரம் இது. கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் ஒரு சுவிட்ச்; அதில் தலா 1 கிகாபிட் வேகத்தில் 24 போர்ட்டுகளும், மேல் இணைப்புக்கென அதே வேகத்தில் இன்னும் 4 போர்ட்டுகளும் இருக்கின்றன. அதன் விவரக்குறிப்பில் சுவிட்சிங் திறன் 56 கிகாபிட் என்று இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருளில் எந்தப் போர்ட்டும் 15 விழுக்காட்டைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒரே ஒரு போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் (தரவுப் பொட்டலங்களின்) எண்ணிக்கை நாள்தோறும் ஏறிக்கொண்டே போகிறது. சுவிட்சுக்குள் இருக்கும் சில்லு பேண்ட்விட்த்தை (அனுப்பும் திறனை) எப்படிப் பங்கிடுகிறது, பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பி வழியாமல் எப்படிக் காக்கிறது, இங்கே ஏன் காக்கத் தவறியது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சில்லு தவறவில்லை. ஒரு போர்ட்டின் வழியே வெளியேறக்கூடியதைவிட அதிகமாக உள்ளே வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு பெரிய பஃபரும் ஒரு கட்டத்தில் நிரம்பத்தான் செய்யும். அந்த நிலையில் சில்லால் செய்ய முடிந்தவை மூன்றே: கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கலாம், யாருடைய பாக்கெட்டைக் கைவிடுவது என்று நியாயமாகத் தீர்மானிக்கலாம், அனுப்புகிறவரிடம் மெதுவாக அனுப்பும்படி சொல்லலாம். சில்லுக்குள் இருக்கும் அத்தனை பொறியியலும் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

முதலில் அந்த 56. 28 போர்ட், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 1 கிகாபிட் வாங்கி 1 கிகாபிட் அனுப்ப முடியும். இரண்டால் பெருக்கினால் 56. அதன் பக்கத்தில் நொடிக்கு 4.16 கோடி பாக்கெட் என்ற இன்னொரு எண்ணும் இருக்கும். மிகச் சிறிய ஈத்தர்நெட் ஃபிரேம் (கம்பியில் செல்லும் வடிவிலான பாக்கெட்) 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் முன்னோட்டமும், அடுத்த ஃபிரேமுக்கு முன் 12 பைட் இடைவெளியும் கம்பியில் செல்லும். ஆக 84 பைட், அதாவது 672 பிட். ஒரு கிகாபிட்டை 672-ஆல் வகுத்தால் நொடிக்கு 14.88 லட்சம், அதை 28-ஆல் பெருக்கினால் மேற்சொன்ன எண். இன்றைய சில்லுகள் இந்த வாக்குறுதியைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அந்த வாக்குறுதியில் ஒரு மறைவான நிபந்தனை இருக்கிறது: போக்குவரத்து எல்லாப் போர்ட்டுகளுக்கும் சமமாகப் பிரிந்து செல்ல வேண்டும். மூன்று பேர் ஒரே போர்ட்டை நோக்கி அனுப்பினால், அந்தப் போர்ட்டிலிருந்து வெளியேறுவது 1 கிகாபிட்தான். மீதி 55 கிகாபிட் திறனும் சும்மா இருந்தாலும் அந்த ஒரு போர்ட்டுக்கு அது உதவாது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பாக்கெட் வந்ததும் அதன் தலைப்புப் பகுதியைச் சில்லு படித்து, முகவரி அட்டவணையில் தேடி, எந்தப் போர்ட் வழியாக, எந்த வரிசையில் வெளியேற வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதற்குள் பாக்கெட்டின் உடல் சில்லுக்குள்ளேயே இருக்கும் பொது நினைவகத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நினைவகம் ஏறத்தாழ 200 பைட் அளவுள்ள சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 1,500 பைட் பாக்கெட் எட்டு அறைகளில் போய் அமரும். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமில்லை, ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுட்டி (அடுத்த அறை எது என்ற குறிப்பு) இருந்தால் போதும். ஓர் அறையின் அளவைவிட ஒரே ஒரு பைட் கூடிய பாக்கெட் இரண்டு அறைகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பஃபர் இத்தனை மெகாபைட் என்ற கணக்கு நடைமுறையில் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது. பாக்கெட்டின் உடல் எழுதிய இடத்திலேயே இருக்கும். வரிசைகளில் நிற்பதும் நகர்வதும் சுட்டிகள் மட்டுமே.

இந்தப் பொது நினைவகம் எவ்வளவு என்று தெரிந்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். 8 போர்ட் கொண்ட பல சாதாரண கிகாபிட் சுவிட்சுகளில் அது 1.5 மெகாபிட், அதாவது 192 கிலோபைட். இரண்டு கணினிகள் முழு வேகத்தில் மூன்றாவது கணினிக்கு அனுப்பினால், நொடிக்கு 1 கிகாபிட் மிச்சமாகிப் பஃபரில் சேரும். 192 கிலோபைட் நிரம்ப ஒன்றரை மில்லி நொடிக்குச் சற்று அதிகம் போதும். உங்கள் கண்காணிப்பு மென்பொருளோ ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் மூன்று லட்சம் மில்லி நொடிகள் இருக்கின்றன. அவற்றுள் சில நூறில் மட்டும் நெரிசல் ஏற்பட்டால் சராசரியில் அதன் சுவடே தெரியாது. இதைத்தான் நுண்வெடிப்பு என்கிறோம்.

இதை நான் நேரில் கற்றது ஒரு கிடங்கில். 24 கண்காணிப்புக் கேமராக்கள், ஒரு பதிவுக் கருவி, நடுவில் ஒரு சுவிட்ச். கேமரா ஒவ்வொன்றும் சராசரியாக 4 மெகாபிட். மொத்தம் 96 மெகாபிட். பதிவுக் கருவியின் கிகாபிட் போர்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் கருவியை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு தானே சரியாகிவிடும். கேபிளை மாற்றினார்கள், கேமராக்களை மாற்றினார்கள், கடைசியில் சுவிட்சையே மாற்றினார்கள். பயன் இல்லை. காரணம் இதுதான்: காணொளிச் சுருக்கத்தில் இரண்டு நொடிக்கு ஒரு முறை முழுப் படம் ஒன்று வரும், இடையில் வருபவை மாற்றங்கள் மட்டும். முழுப் படம் சுமார் 100 கிலோபைட். கருவி எழுந்தவுடன் எல்லாக் கேமராக்களிடமும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் முழுப் படம் கேட்டது. அதிலிருந்து அந்த 24 கேமராக்களும் தாளம் தப்பாமல் ஒன்றாகவே முழுப் படம் அனுப்பின. கேமராவின் போர்ட் 100 மெகாபிட். 24 சேர்ந்தால் 2.4 கிகாபிட், வெளியேறும் வாசல் 1 கிகாபிட். முழுப் படத்தை அனுப்பக் கேமராவுக்கு 8 மில்லி நொடி தேவை. சுவிட்சின் அரை மெகாபைட் பஃபரோ 3 மில்லி நொடியில் நிரம்பியது. மீதி ஐந்து மில்லி நொடியில் வந்தவற்றில் பெரும்பகுதி தொலைந்தது. படத்தைச் சுமந்த நெறிமுறை மறுமுறை அனுப்பாத வகை என்பதால் படம் உடைந்தது. சிறிது நேரத்தில் கேமராக்களின் உள் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று நழுவி, தாளம் கலைந்து, பிரச்சினை மறைந்தது. பதிவுக் கருவியை 10 கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றிய அன்றே தீர்ந்தது. 2.4 கிகாபிட் வந்தாலும் அங்கே வரிசையே உருவாகவில்லை.

பெரிய சில்லுகளில் நிலைமை மேலும் இறுக்கமானது. பிராட்காம் நிறுவனத்தின் டிரைடென்ட் 2 சில்லு நொடிக்கு 1.28 டெராபிட் கையாண்டது. பஃபர் 12 மெகாபைட். 2014-இல் வந்த டோமஹாக் 3.2 டெராபிட்டுக்கு 16 மெகாபைட் வைத்திருந்தது. 2022-இல் வந்த டோமஹாக் 5-இல் 51.2 டெராபிட்டுக்கு 165 மெகாபைட். நினைவகம் கூடியிருக்கிறது என்று தோன்றும். எல்லாப் போர்ட்டுகளும் முழு வேகத்தில் ஓடும்போது அது எத்தனை நேரத்துக்கான சரக்கு என்று வகுத்துப் பாருங்கள்: 75 மைக்ரோ நொடி, பிறகு 40, பிறகு 26. வேகம் ஓடுகிறது, நினைவகம் பின்னால் நடந்து வருகிறது.

வெளியில் பெரிய நினைவகச் சில்லுகளை இணைத்துவிட்டால் என்ன? முதல் தடை வேகம். 100 கிகாபிட் போர்ட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் 6.72 நானோ நொடிக்கு ஒன்று வரும். கணினிகளில் உள்ள டிராம் நினைவகத்தில் நினைத்த இடத்தைத் தொட்டு எடுக்கவே சில பத்து நானோ நொடிகள் பிடிக்கும். எனவே சில்லுக்குள்ளேயே இருக்கும் எஸ்ராம் நினைவகம்தான் ஈடு கொடுக்கும். அதுவோ சில்லின் பரப்பைத் தின்னும். அதையும் ஒரே குளமாக வைக்க எப்போதும் முடிவதில்லை. அத்தனை போர்ட்டுகளும் ஒரே நினைவகத்தில் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் வழி வேண்டுமே. டோமஹாக்கின் 16 மெகாபைட்டும் நான்கு 4 மெகாபைட் பகுதிகளாகவே பிரிந்திருந்தது. ஒரு பகுதி நிரம்பி வழியும்போது பக்கத்துப் பகுதி காலியாக இருப்பது அந்த அமைப்பில் நடக்கக்கூடியதே.

இரண்டாவது தடை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1 கிகாபிட் போர்ட்டின் முன்னால் 1 கிகாபைட் பஃபரை வைத்தால் பாக்கெட் எளிதில் தொலையாது. ஆனால் கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியேற 8 நொடி ஆகும். தொலைபேசி உரையாடலுக்கு அது தொலைந்ததற்குச் சமம். அதைவிட மோசமாக, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி நெறிமுறை பொதுவாகப் பாக்கெட் தொலைவதை வைத்தே நெரிசலை உணர்கிறது. தொலையாவிட்டால் அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், வரிசை வடியவே வடியாது. வீட்டு ரவுட்டர்களில் இப்படி வீங்கிப்போன பஃபர்களைப் பற்றிக் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-11-இல் எழுதிய பிறகுதான் பலரும் விழித்துக்கொண்டார்கள். ஆழமான பஃபர் உள்ள சில்லுகளும் இருக்கின்றன. பிராட்காமின் ஜெரிக்கோ வகைச் சில்லுகள் வெளி நினைவகத்தையும் பயன்படுத்துகின்றன. நெடுந்தொலைவு இணைப்புகளுக்கு அவை பொருத்தம். அலுவலகத்துக்கு அவற்றை வாங்கச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆக, இருக்கும் சிறு நினைவகத்தைப் பங்கிடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அப்போது 27 போர்ட்டுகள் தூங்கிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் இருபத்தெட்டில் ஒரு பங்கு இடத்தில் திணறும். முந்துகிறவருக்கே இடம் என்று திறந்துவிடலாம். அப்போது மெதுவான போர்ட் ஒன்று மொத்தக் குளத்தையும் அடைத்துக்கொள்ளும், மற்றவர்களுக்கு வந்த பாக்கெட்டுகள் வாசலிலேயே கைவிடப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அபிஜித் சௌத்ரியும் எலன் ஹானேயும் 1998-இல் வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான சில்லுகளில் ஓடுவது அதன் ஏதோவொரு வடிவம்தான். விதி ஒரே வரி: எந்த வரிசையும், இப்போது காலியாக இருக்கும் இடத்தின் ஆல்ஃபா மடங்குக்கு (ஆல்ஃபா என்பது நாம் வைக்கும் ஓர் எண்) மேல் வளரக் கூடாது.

ஆல்ஃபா 1 என்றும், மொத்தம் 1,200 அறைகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வரிசைதான் நெரிசலில் இருக்கிறது என்றால் அது 600 வரை வளரும். அப்போது காலி இடமும் 600, எல்லை எட்டிவிட்டது. இரண்டாவது வரிசையும் நிரம்பத் தொடங்கினால் காலி இடம் குறைகிறது, எல்லையும் தானாகக் கீழே இறங்குகிறது. முதல் வரிசையில் ஏற்கெனவே இருப்பவற்றை யாரும் தூக்கி எறிவதில்லை. புதியதைச் சேர்க்காமல், வடியும் வரை காத்திருக்கிறது. கடைசியில் இரண்டுக்கும் 400, காலி 400. மூன்று வரிசைகள் என்றால் 300 வீதம், காலி 300. எப்போதும் கொஞ்சம் இடம் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. அது வீண் அன்று. அடுத்த கணம் யார் வருவார் என்று தெரியாத நிலையில், வரப்போகிறவருக்கு வைத்த இடம். யாரும் எண்ணிக்கை பார்த்துப் பங்கு பிரிக்கத் தேவையில்லை, காலி இடத்தின் அளவே எல்லோருக்கும் செய்தி சொல்லிவிடுகிறது. இந்த எளிமை எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அழகு.

ஆல்ஃபாவைக் கூட்டினால் குணம் மாறும். 8 என்று வைத்தால் ஒற்றை வரிசை குளத்தின் ஒன்பதில் எட்டுப் பங்கை எடுத்துக்கொள்ளும். திடீர் வெள்ளத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதே நேரம் இன்னொரு போர்ட்டுக்கு வெள்ளம் வந்தால் அதற்கு மிஞ்சுவது சொற்பம். அரை என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கேமரா, சேமிப்பகம் போல ஒரே இலக்கை நோக்கிப் பலர் அனுப்பும் இடத்தில் உயர்ந்த ஆல்ஃபா நல்லது. பல போர்ட்டுகள் ஒரே நேரத்தில் நெரிசலாகும் இடத்தில் தாழ்ந்தது நல்லது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகள் சிலவற்றில் இதை மாற்றும் கட்டளை உண்டு. இதற்கெல்லாம் அடியில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு உறுதி இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். சுழல் தவிர்ப்பு போன்ற கட்டுப்பாட்டுச் செய்திகள் அதனால்தான் வெள்ளத்திலும் பிழைக்கின்றன. அவையும் தொலைந்தால் வலையமைப்பே குலையும்.

பேண்ட்விட்த் பங்கீடு இதன் மறுபக்கம். பஃபர், யார் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்பதைச் சொல்கிறது. சில்லில் அட்டவணையாளர் என்னும் பகுதி, அடுத்து யார் வெளியேறலாம் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பொதுவாக எட்டு வரிசைகள். முழு முன்னுரிமை கொடுத்த வரிசையில் ஒன்று இருந்தாலும் மற்றவை காத்திருக்க வேண்டும். குரல் அழைப்புக்கு அது சரி. ஆனால் அந்த வரிசைக்கு வேக வரம்பு வைக்காமல் விட்டால் மற்றவர்கள் பட்டினி கிடப்பார்கள். அடுத்த வகை முறை வைத்து எடுப்பது. பாக்கெட் எண்ணிக்கையில் முறை வைத்தால் அநியாயம் நடக்கும்: ஒரு வரிசையில் 1,500 பைட் பாக்கெட்டுகள், இன்னொன்றில் 64 பைட் பாக்கெட்டுகள் என்றால், ஆளுக்கொன்றாக எடுக்கும்போது பெரிய பாக்கெட் வரிசைக்குக் கிட்டத்தட்ட 95 விழுக்காடு போய்விடும். 1995-இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் இதற்கு ஒரு மலிவான தீர்வு தந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசையின் கணக்கிலும் ஒரு குறிப்பிட்ட பைட் வரவு வைக்கப்படும். முன்னால் நிற்கும் பாக்கெட்டுக்கு இருப்பு போதுமானால் அனுப்பலாம். போதாவிட்டால் மீதியை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லலாம். ஒரு கூட்டல், ஓர் ஒப்பீடு, ஒரு கழித்தல். சில்லுக்கு இவ்வளவு போதும். வரவில் ஒருவருக்கு இரண்டு பங்கு வைத்தால் அவருக்கு இரு மடங்கு வேகம்.

வேக வரம்பு வைப்பது டோக்கன் வாளியால். வாளியில் குறிப்பிட்ட வேகத்தில் டோக்கன் சேர்ந்துகொண்டே இருக்கும், பாக்கெட் தன் அளவுக்கு டோக்கன் எடுத்துக்கொண்டு போகும், வாளி நிரம்பினால் மேற்கொண்டு சேராது. டோக்கன் இல்லாதபோது பாக்கெட்டை உடனே கைவிடுவது ஒரு வகை. வரிசையில் நிறுத்தி வைப்பது இன்னொரு வகை. இரண்டாவது மென்மையானது, ஆனால் பஃபரைச் செலவழிக்கும். முதல் வகையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: வேகத்தை 100 மெகாபிட் என்று வைத்துவிட்டு வாளியை 8 கிலோபைட்டில் விட்டுவிடுகிறார்கள். இன்றைய சர்வர்களின் வலை அட்டை 64 கிலோபைட் வரை ஒரே மூச்சில் கம்பியில் தள்ளும். முதல் சில பாக்கெட்டுகள் கடக்கும், மீதி தொலையும். பயனாளருக்கு 100 மெகாபிட்டின் பாதிகூடக் கிடைக்காது. சில்லின் மேல் பழி விழும்.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. சில்லு அதை ஒரே ஒரு முறைதான் எழுதும்; எத்தனை போர்ட்டுகளுக்குப் போக வேண்டுமோ அத்தனை சுட்டிகள் இருக்கும். கடைசிப் போர்ட் எடுத்த பிறகே அறை விடுபடும். உங்கள் சுவிட்சில் 100 மெகாபிட் வேகத்தில் இணைந்த பழைய பிரிண்டர் ஒன்று இருந்து, யார் கேட்டார்கள் என்று பாராமல் கேமரா மல்டிகாஸ்ட் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டப்பட்டால், அந்தப் பிரிண்டரின் வேகத்துக்குத்தான் அறைகள் காலியாகும்.

இனி மூன்றாவது வழி: அனுப்புகிறவரிடம் சொல்வது. 1997-இல் வந்த 802.3எக்ஸ் என்ற ஈத்தர்நெட் தரம் பாஸ் (நிறுத்து) ஃபிரேமைத் தந்தது. பஃபர் நிரம்பும் அபாயம் வந்தால் சில்லு எதிர்முனைக்கு ஒரு சிறு ஃபிரேமை அனுப்பி, இத்தனை நேரம் எதுவும் அனுப்பாதே என்கிறது. அந்த நேரம் 512 பிட் அனுப்பும் காலத்தின் மடங்காகக் கணக்கிடப்படும். உச்சம் 65,535 மடங்கு. 1 கிகாபிட்டில் அது சுமார் 33.5 மில்லி நொடி. வரிசை கீழ் எல்லைக்கு இறங்கியதும் நேரம் சுழியம் என்று இன்னொரு ஃபிரேம் அனுப்பி மீண்டும் திறந்துவிடும். இதைச் செய்ய, பாக்கெட்டை வெளியேறும் பக்கம் மட்டும் எண்ணினால் போதாது. எந்தப் போர்ட் வழியாக உள்ளே வந்தது என்றும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் யாரை நிறுத்துவது என்று தெரியாது. ஆகவே சில்லு ஒவ்வோர் அறையையும் இரண்டு கணக்கிலும் எழுதுகிறது. கைவிடுவதை வெளிக்கணக்கு தீர்மானிக்கும், நிறுத்துவதை உள்கணக்கு தீர்மானிக்கும்.

அருமையான ஏற்பாடாகத் தெரியும். ஆனால் பாஸ் ஃபிரேம் கம்பி முழுவதையும் நிறுத்துகிறது. மெதுவான பிரிண்டருக்காகச் சர்வரை நிறுத்தினால், அதே கம்பியில் மற்ற ஐம்பது பேருக்கு வரவேண்டிய பாக்கெட்டுகளும் நிற்கும். அதனால் சாதாரண அலுவலகத்தில் இதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு சில பாக்கெட்டுகள் தொலைந்தால் டிசிபி சமாளித்துக்கொள்ளும். 2011-இல் வெளியான 802.1கியூபிபி என்ற தரம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. எட்டு முன்னுரிமைகளில் எதை நிறுத்துவது என்று தனித்தனியே சொல்லலாம்.

நிறுத்தச் சொன்னதும் நிற்காது என்பதையும் சில்லு கணக்கில் எடுக்க வேண்டும். 100 மீட்டர் கண்ணாடி இழையில், 100 கிகாபிட்டில் பாருங்கள். வெளியே போய்க்கொண்டிருக்கும் 9,216 பைட் ஃபிரேம் முடியும் வரை பாஸ் ஃபிரேம் காத்திருக்கும். அது சுமார் 737 நானோ நொடி. இழையைக் கடக்க 500. எதிர்முனை தான் அனுப்பத் தொடங்கிய ஃபிரேமை முடிக்க இன்னொரு 737. இழையில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பது வந்து சேர 500. ஆக ஏறத்தாழ 2.5 மைக்ரோ நொடி. அதற்குள் 31 கிலோபைட் வந்துவிடும். எதிர்முனை யோசிக்கும் நேரம் தனி. இத்தனை இடத்தை ஒவ்வொரு போர்ட்டுக்கும், இழப்பில்லா (ஒரு பாக்கெட்டும் கைவிடப்படக் கூடாத) முன்னுரிமை ஒவ்வொன்றுக்கும் காலியாகவே வைத்திருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் என்றால் போய்வரும் நேரத்துக்கு மட்டும் 1.25 மெகாபைட். தூரத்து இணைப்புகளில் இழப்பில்லா ஈத்தர்நெட் ஏன் கடினம் என்பதற்கு இந்த ஒரு பெருக்கலே விடை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுத்தப்பட்ட சுவிட்சின் பஃபர் நிரம்பினால் அது தனக்கு அனுப்புகிறவரை நிறுத்தும். அவர் தனக்கு முந்தியவரை. நிறுத்தம் பின்னோக்கிப் பரவி, ஒரு வட்டத்தில் ஒருவருக்கொருவர் காத்து நின்றுவிட்டால் யாருமே நகர முடியாது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-இல் தங்கள் தரவு மையங்களில் இப்படிப்பட்ட முட்டுக்கட்டையும், பழுதடைந்த ஒரு வலை அட்டை ஓயாமல் பாஸ் ஃபிரேம் அனுப்பியதால் வலையமைப்பு பாதிக்கப்பட்டதையும் வெளிப்படையாக எழுதினார்கள். நெடுநேரம் நின்றுவிட்ட வரிசையைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் பாஸை மதிக்காமல் பாக்கெட்டைக் கைவிடும் காவல் ஏற்பாட்டை அதற்குத் தீர்வாக வைக்கிறார்கள். இழப்பே கூடாது என்று புறப்பட்ட அமைப்பு, உயிர் பிழைக்க இழப்பை நாட வேண்டியிருக்கிறது.

நிறுத்துவதைவிட முன்கூட்டியே சொல்வது மேல். சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1993-இல் முன்வைத்த முறையில், வரிசை நிரம்பும் முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட்டுகள் கைவிடப்படும். எல்லா டிசிபி இணைப்புகளும் ஒரே நேரத்தில் அடிபட்டு, ஒரே நேரத்தில் தயங்கி, மறுபடி ஒன்றாகப் பாய்வதை அது தவிர்த்தது. 2001-இல் வந்த ஈசிஎன் முறையில் கைவிடவும் வேண்டாம்; ஐபி தலைப்பில் இரண்டு பிட்டுகள், நெரிசல் கண்டேன் என்று சில்லு குறித்து அனுப்பும், பெற்றவர் அதை அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்வார். 2010-இல் தரவு மையங்களுக்கென வந்த டிசிபி வடிவமான டிசிடிசிபி இதைக் கூர்மையாக்கியது. குறிபட்ட பாக்கெட்டுகளின் விகிதத்தைப் பார்த்து அந்த அளவுக்கே வேகத்தைக் குறைக்கும். 10 கிகாபிட்டில் வரிசை 65 பாக்கெட்டைத் தாண்டியதும் குறிக்கத் தொடங்கினால் போதும் என்று அதை உருவாக்கியவர்கள் காட்டினார்கள். அது நூறு கிலோபைட்டுக்கும் குறைவு. பஃபரில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். நிஜமான வெடிப்பு வரும்போது அந்த இடம் கைகொடுக்கும்.

சில்லுகளை அடுக்கிக் கட்டிய பெரிய சுவிட்சுகளில் வரிசையை வைக்கும் இடமே வேறு. உள்வாசலில் ஒரே வரிசை இருந்தால் முதலில் நிற்பவர் அடைபட்டதும் பின்னால் இருப்பவர்களும் நிற்பார்கள். சீரற்ற போக்குவரத்தில் இப்படிப்பட்ட சுவிட்ச் தன் திறனில் 58.6 விழுக்காட்டைத் தாண்டாது என்று 1987-லேயே கணக்கிட்டார்கள். அதனால் ஒவ்வொரு வெளிவாசலுக்கும் உள்வாசலிலேயே தனி வரிசை வைத்து, வெளிவாசல் அனுமதி கொடுத்த பிறகே பாக்கெட்டை உள்ளே நகர்த்துகிறார்கள். உங்கள் 28 போர்ட் சுவிட்சில் இது தேவைப்படாது.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். முதலில், எண்ணிக்கை ஏறும் அந்தப் போர்ட்டின் பின்னால் இருப்பது யார் என்று பாருங்கள். பலர் சேர்ந்து அனுப்பும் சர்வரா, மெதுவான வேகத்தில் இணைந்த கருவியா? பிறகு, நிர்வாகத் திரையில் வரிசைவாரியான எண்ணிக்கை இருந்தால் எந்த வரிசையில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வரிசைகளுக்குப் பஃபர் பிரிக்கப்பட்டு, உங்கள் போக்குவரத்து முழுவதும் ஒரே வரிசையில் செல்வதுண்டு. தர முன்னுரிமை (QoS) வசதியை இயக்கியதும் இழப்பு கூடியதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக, எண்ணிக்கையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பதை விட்டு, ஒரு மணி நேரம் மட்டும் நொடிக்கொரு முறை எடுத்து எழுதி வையுங்கள். அது சீராக ஏறுகிறதா, அல்லது குறிப்பிட்ட நொடிகளில் நூறு நூறாகத் தாவுகிறதா? தாவும் நேரங்களை உங்கள் காப்புநகல் அட்டவணையோடும் கேமராப் பதிவோடும் ஒப்பிடுங்கள். அந்தக் கிடங்கில் எனக்கு விடை கிடைத்தது அப்படித்தான்: தாவல்கள் சரியாக இரண்டு நொடி இடைவெளியில் இருந்தன.